ஊர்வாயும் பள்ளிக்கூடமும்

பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்து நடத்துவதைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கட்டடம், பாடம், பணம் என்னும் மூன்றையே பேசி முடித்துவிடுகின்றனர். நான்காவதாக ஒன்றுண்டு, அஃது ஊர்வாய். ஊர்வாயை மூட உலைமூடி இல்லையென்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது பொய்யன்று. ஆயினும் அவ்வாய்க்கு நேர்நின்று பள்ளியின் சார்பில் விடை கூறவேண்டிய ஒருவர் எக்காலத்தும் இருந்தே வந்திருக்கிறார். இந்நாளில் அவ்வேலைக்கு மக்கள் தொடர்பு என்று பெயர். இடர் நேர்ந்த வேளையில் செய்வதை நெருக்கடிகாலத் தொடர்பு என்பர். இதற்குப் பட்டப்படிப்பும் உண்டு, சம்பளமும் உண்டு.

இத்தொழிலின் மூலபுருஷராக அமெரிக்க தேசத்து ஐவி லீ என்பவரைக் குறிப்பிடுவது வழக்கம். 1906-இல் ரயில் ஒன்று விபத்துக்குள்ளானபோது, செய்தியை மூடிமறைக்கும் கம்பெனிகளின் பழக்கத்துக்கு மாறாக, நிருபர்களை அவ்விடத்துக்கே அழைத்துச் சென்று காட்டும்படி செய்தவர் அவர். அவருடைய பெருமையைக் குறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் சென்னையிலே இரு பெண்மணிகள் இவ்வேலையை இதனினும் கொடிய ஊர்வாய்க்கு முன்னின்று செய்தனர் என்பதை நம்மவர் எடுத்துச் சொல்லக் காணோம். பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் குடியிருந்துகொண்டு, ஒரு தமிழ்ப்பள்ளியின் பொருட்டுக் கடிதம் எழுதியும், நிருபர்க்கு விடை கூறியும், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றும் பல ஆண்டுகள் கழித்தோமாதலின், அவ்விருவர் வரலாறும் நமக்கு வெறுங் கதையாகத் தோன்றுவதில்லை.

இருவரும் 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர்களே. ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. பிராமண குலத்துப் பெண். சிறு பருவத்திலேயே மணமுடித்து வைக்கப்பட்டு, மணம் என்பதன் பொருள் தெரியுமுன்னரே விதவையானவர். தலையை மழித்து மூலையில் உட்கார்த்தாமல் அவரைப் படிக்கவைத்த தந்தையையும் சிற்றன்னையையும் பாராட்டவேண்டும். 1911-இல் பட்டம் பெற்றார். 1912-இல் எழும்பூரில் நான்கு விதவைப் பெண்களை வைத்துக்கொண்டு ஒரு விடுதி தொடங்கினார். பின்னர் அவ்விடுதி திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுசுக்குச் சென்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக எழுந்த கட்டடம் அது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். வெள்ளைக்காரனுடைய பானத்தைக் குளிர்விக்கக் கட்டிய இடம் நம் நாட்டு விதவைகளின் கல்விக்குப் பயன்பட்டதே, அந்த மட்டில் நன்று!

இளம் விதவைகள் பலர் ஒரே கூரையின்கீழ் வசித்தால் ஊர் என்ன பேசும் என்பதை நாம் விரித்துரைக்கவேண்டுவதில்லை. அவ்வம்மையார் செய்த உபாயம் கவனிக்கத்தக்கது. வைதிகர் குறை காணக்கூடிய இடம் ஒவ்வொன்றையும் முன்னரே அடைத்துவைத்தார். சமையல் வைதிக முறைப்படி; உணவு, விரதம் எல்லாம் வீட்டிலிருந்தாற் போலவே. தாமும் எளிய ஆடையன்றி அணிந்தாரில்லை. பெண்ணை அனுப்பத் தயங்கிய குடும்பத்தாரிடம் பேசி நம்பிக்கை பெற்றார். பெண்ணுக்கு எழுத்தறிவிப்பது ஒன்றை விட்டுக்கொடாமல், மற்றவற்றிலெல்லாம் வளைந்து கொடுத்தார்.

இவ்வளைவைச் சீர்திருத்தக்காரர்கள் கண்டித்தனர். நாமும் ஒரு பகுதி கண்டிக்கவே செய்கிறோம். தொடக்கத்தில் அவ்விடுதி பிராமண விதவைகளுக்கே உரியதாயிருந்தது. விதவைத்தன்மை ஒரு சாதிக்கு மட்டும் நேர்ந்த துன்பமா? வைதிகனை அமைதிப்படுத்துவதற்காக அடைத்த கதவு, வெளியே நின்ற வேறொரு பெண்ணின் முகத்தில் அன்றோ அறைந்து சாத்தப்பட்டது? ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. அதே அம்மையார்தாம் ஐஸ் ஹவுசுக்கு அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். வயது வந்த விதவைகளுக்கென்று சாரதா வித்தியாலயத்தை நிறுவினார். ஒரு கையால் ஊரைத் தட்டிக்கொடுத்து, மறு கையால் ஊரின் அஸ்திவாரத்தைத் தோண்டினார் என்று சொல்லலாம்.

நிற்க. மற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்தவர், தாயார் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர இவர் விண்ணப்பம் செய்தபோது, பெண்ணொருத்தி உட்கார்ந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று; மகாராஜா குறுக்கிட்டுத்தான் இடங் கிடைத்தது. ஒரு பள்ளி ஊர்வாய்க்கு அஞ்சினால் உள்ளே வரமுடியாமற் போவது யார் என்பதை அவர் பதின்பருவத்திலேயே கண்டுகொண்டார்.

இவர் வளைந்து கொடுக்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார், எதிர்த்த சத்தியமூர்த்தி போன்றோருக்குத் தயங்காது மறுமொழி தந்தார். 1930-இல் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் தஞ்சம் கேட்டு வந்தனர். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. விடுதிக்காரர்கள் என்ன நினைத்திருப்பர் என்பதை ஊகிப்பது எளிது: இவர்களைச் சேர்த்தால் மற்றப் பெற்றோர் தம் பெண்களை அழைத்துப் போய்விடுவர், விடுதியின் நற்பெயர் என்னாவது? முத்துலட்சுமி அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் தோன்றிய விதம் இதுவே. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறிற்று. அச்சிறுமியரோ அதுவரை காத்திருக்கவேண்டியதில்லாமற் போயிற்று.

இவ்விருவருள் யார் வழி சிறந்ததென்று நம்மைக் கேட்டால், இரண்டாமவர் பக்கமே நம் மனம் சாயும். ஆனால் மலாயாத் தமிழ்ப்பள்ளியின் நிலைமையை அறிந்தவர், முதலாமவருடைய அச்சத்தை எள்ளி நகையாடமாட்டார். 1816-இல் இப்பினாங்கிலே பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்தே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வயதைக் கணக்கிடுகிறோம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. 150 பிள்ளைகளுக்குமேல் இல்லாவிட்டால் அரசாங்கம் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. இத்தகைய பள்ளிக்கு ஒரு வதந்தி போதும். தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் மோர் குடிப்பவர் ஒருவர் சொல்லும் சொல், மலைப்படி ஏறி இறங்குமுன் பத்து வீட்டுக்குப் போய்விடும். (தெருவிலே அன்று உடைபடும் தேங்காயில் பத்தில் ஒரு பங்கின் விலை பள்ளி நூலகத்துக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம், ஆண்டுதோறும் தேங்காய்தான் கூடுகிறது.) இப்பொழுது வாட்ஸ்அப்பும் சேர்ந்துகொண்டது, அதற்குப் படியேறும் சிரமமும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், சிற்றுண்டிச்சாலையில் உண்ட பிள்ளைகள் பலருக்கு வாந்தியெடுத்தது. பதினேழு பேர் மருத்துவமனைக்குப் போயினர். பெற்றோருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு நம்முடையது. நிர்வாகத்திலிருந்த பெரியவர் ஒருவர் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“டீச்சர், சில பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதுங்கள். எண்ணிக்கை வேண்டாம். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்கு ஆள் வராமற் போனால், பிறகு எழுதுவதற்குப் பள்ளியே இராது.”

அவர் கெட்டவரல்லர். அப்பள்ளிக் கூரைக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தவர். “ஐயா, பதினேழு வீட்டுக்கு எண்ணிக்கை தெரியும், மற்ற வீட்டார் அவர்களைக் கேட்கமாட்டார்களா?” என்றோம். அவர் விடை சொல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சமயம் தொலைபேசி மணி அடித்தது. தாயொருத்தி, தொழிற்சாலையில் வேலையிலிருந்து பேசுகிறாள், பின்னால் இயந்திர ஓசை. என்ன நடந்தது, யார் குற்றம் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

“டீச்சர், அந்தக் கணக்கிலே எம்பிள்ளை இருக்கானா?” என்றாள்.

பெரியவர் காதிலும் அது விழுந்தது. கடிதத்தின் முதல் வரியிலே பதினேழு என்று இலக்கத்தில் எழுதினோம். எந்தெந்த வகுப்பு, எந்த மருத்துவமனை, சிற்றுண்டிச்சாலை எப்பொழுது மூடப்பட்டது, யாரை அழைத்துக் கேட்கவேண்டும் என்பவற்றைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, பிற்பகல் மணி இரண்டுக்குள் அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் அதற்குள் நாற்பது பேர் என்றும், ஒரு பிள்ளை இறந்துவிட்டதென்றும் செய்தி பரவியிருந்தது. மாலைக்குள் அவ்விடத்தில் நம் கடிதமே சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பதினேழு பேரும் மறுவாரம் வகுப்புக்குத் திரும்பினர்.

முந்திய ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர் பதின்மூவர். அதற்கடுத்த ஆண்டு பதினொருவர். குறைந்த இருவரின் பெற்றோர் நம் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போயினரா, பிழைப்பைத் தேடிப் பட்டர்வொர்த் பக்கம் குடிபெயர்ந்தனரா என்று எவரும் விசாரித்தாரில்லை. பெரியவர் மட்டும் அவ்விருவரையும் இன்றளவும் நம் பற்றிலேயே எழுதி வைத்திருக்கிறார்.