கேம் டியில், சேவ் சியில்

வைஸ் சிட்டி தன் சேவ்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. கேமை டி டிரைவில் போட்டாலும் ஈ டிரைவில் போட்டாலும், அதன் எட்டு சேவ்களும் போய் உட்காரும் இடம் சி டிரைவின் மை டாக்குமெண்ட்ஸ். அங்கே 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எங்கள் தலைமுறையில் பெரும்பாலானோர் இதைத் தெரிந்துகொண்டது ஃபார்மட் அடித்த அன்றைக்குத்தான். வைரஸ் ஏறிய சிஸ்டத்துக்கு அப்போது அதுதான் ஒரே வைத்தியம். "சி மட்டும் தான் போகும், டியில இருக்கறது அப்படியே இருக்கும்" என்று சர்வீஸ்காரர் சொல்வார். அவர் சொன்னது பொய்யில்லை. கேம் அப்படியே இருந்தது. கேமின் நாயகன் டாமி வெர்செட்டி மட்டும் பணம், வீடு, துப்பாக்கி எல்லாம் போய் முதல் மிஷனுக்குத் திரும்பியிருந்தான்.

அந்த ஆட்டத்தில் ஒரு பொம்மை ஹெலிகாப்டர் மிஷன் உண்டு. பாதி கட்டிய கட்டடத்துக்குள் அதை ஓட்டி நான்கு குண்டுகளை வைக்க வேண்டும். நேரமோ ஓடிக்கொண்டிருக்கும், ஹெலிகாப்டரோ நினைத்த பக்கம் திரும்பாது. மதுரையில் எங்கள் தெருவில் அதைத் தாண்டியவன் என் அண்ணன் ஒருவன்தான். "அண்ணே, ஹெலிகாப்டர் தாண்டின சேவ் குடுங்கண்ணே" என்று பையன்கள் ஃப்ளாப்பியோடு வாசலில் நிற்பார்கள். ஒரு சேவ் சுமார் 200 கேபி. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் ஏழு அடங்கும், எட்டாவது அடங்காது. அண்ணன் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்வான். அது அவன் உரிமை.

அதற்கும் முன்னால், டிவியில் செருகி விளையாடிய மஞ்சள் கேசட் காலத்தில், இந்தத் தொல்லையே கிடையாது. சேவ் என்று ஒன்று இருந்தால்தானே தொலைவதற்கு? கான்ட்ராவில் கடைசிக் கட்டம் வரை போயிருந்தாலும் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்துதான். ஜப்பானில் 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் இதற்கு ஒரு வழி செய்தது. விட்ட இடத்தை 20 எழுத்துகள் கொண்ட 'உயிர்ப்பிக்கும் மந்திரமாக' மாற்றித் திரையில் காட்டும், பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. மங்கலான டிவியில் ஒரே சாயலுள்ள இரண்டு எழுத்தை மாற்றி எழுதினால் முடிந்தது கதை. மூன்றாம் பாகத்தில் கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்தார்கள், நோட்டு போயிற்று. ஆனால் பேட்டரியும் சாகும். 1999இல் வந்த போக்கிமான் கோல்டு கேசட்டில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அது சீக்கிரமே தீர்ந்துபோகிறது. தீர்ந்தால் பிடித்த போக்கிமான் ஒன்றும் மிஞ்சாது. யோசித்தால், காகிதத்தில் எழுதிய மந்திரம்தான் கெட்டி. அதை இரண்டு நோட்டில் எழுதி வைக்கலாம்.

சி டிரைவுக்கு வருகிறேன். ஃபைலை அழித்தால் அது உடனே அழிவதில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டாலும் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரிதான் அது. வேறு ஒருவன் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை மீட்டுவிடலாம். ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற சாஃப்ட்வேர்கள் செய்வது இந்த வேலையைத்தான். அதனால்தான் மீட்கும் சாஃப்ட்வேரை ஃபைல் தொலைந்த அதே டிரைவில் போடக்கூடாது என்கிறார்கள். எக்ஸ்பி காலத்தில் முழு ஃபார்மட் அடித்தாலும் டிஸ்கில் இருப்பது துடைக்கப்படாது, விஸ்டாவிலிருந்துதான் அது மாறியது. எங்கள் வீட்டில் ஃபார்மட்டைவிட அதன்மேல் புதிதாக ஏறிய விண்டோஸ்தான் வினை. இன்றைய எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் மோசம். அழித்த இடம் காலி என்று ட்ரிம் கட்டளை உடனே சொல்லிவிடுகிறது, டிஸ்க் அதைத் துடைத்துவிடுகிறது. மீட்பு சாஃப்ட்வேரை நம்பி ஃபைலைத் தொலைக்கிற காலம் போய்விட்டது.

ஃபார்மட்டில் போன அண்ணனின் சேவ் எதிர்வீட்டுப் பையனின் ஃப்ளாப்பியில் இருந்தது. அவன் எப்போதோ வாங்கிப் போய், காப்பி செய்துவிட்டு ஃப்ளாப்பியை அப்படியே போட்டு வைத்திருந்தான். பேக்கப் என்ற சொல்லே அப்போது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாத பையன்கள்தான் எங்கள் பேக்கப்.

2008இல் சேவ்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் ஸ்டீம் கிளவுட் வந்தபிறகு இந்தக் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இருப்பதை அப்படியே மேலே ஏற்றும், அவ்வளவுதான். இங்கே சேவ் கெட்டால் கெட்டதே அங்கும் போய்ச் சேரும். சில நேரம் "இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதா, கிளவுடில் இருப்பதா, எது வேண்டும்?" என்று கேட்கும். அவசரத்தில் தேதி பார்க்காமல் ஒன்றை அமுக்கினால் மற்றது போயிற்று. தவிர, எல்லா கேமும் கிளவுடில் சேமிப்பதும் இல்லை.

அடுத்த முறை விண்டோஸ் மாற்றும் முன் டாக்குமெண்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டா ஆகிய மூன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கேமைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். சேவ் ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு, கழற்றி, மேஜை டிராயரில் வைத்துவிடுங்கள்.