பனிமலையும் மர்ம நாவலும்

வசந்தம் பிறந்தாற் கவிதை படிப்போரைப்பற்றி நாம் கேள்வியுற்றிருக்கின்றோம். வசந்தம் பிறந்தாற் கொலைக்கதை படிக்கும் மக்களும் உலகில் உளர். அவர்கள் நோர்வே நாட்டார்.

உயிர்த்த ஞாயிற்றை ஒட்டிய விடுமுறை வந்ததும் அந்நாட்டின் நகரங்கள் வெறிச்சோடிவிடும். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் ஆகிய நாட்களிற் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. இயன்றவர் யாவரும் மலைமேலுள்ள மரக்குடில்களை நாடிச் செல்வர். அவர்தம் மூட்டைகளிலே பனிச்சறுக்குக் கட்டைகளும், தோடம்பழங்களும், சொக்கலேற்றும் இருக்கும். அவற்றோடு துப்பறியும் நாவல்கள் இரண்டு மூன்றும் தவறாமல் இருக்கும். காலையிற் பனிமேற் சறுக்கித் திரிந்துவிட்டு, நண்பகலிற் குடிலின் தெற்குச் சுவரிற் சாய்ந்து வெயில் காய்ந்தபடி, கொலையாளி யாரென்று தேடுவது அவர்களுக்குப் பேரின்பம். காலடியிலே ஆழ்ந்த பனி. முகத்திலே சுள்ளென்ற வெயில். இவ்வகைக் கதைகளைப் 'போஸ்கெக்ரிம்', அதாவது உயிர்த்த ஞாயிற்றுக் குற்றக்கதை, என்று அவர்கள் வழங்குவர். அந்நாட்களிற் பாற்பெட்டிகளின் மேலுங்கூடச் சின்னஞ்சிறு மர்மக்கதையொன்று சித்திரமாக அச்சிடப்பட்டு வரும். தேநீர் அருந்தும் வேளையிலும் ஒரு பிணம் வேண்டும் போலும்!

இவ்விசித்திர வழக்கம் எங்கே தொடங்கிற்று என்பதை அறிய விரும்புவோர் ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குச் செல்லும் புகைவண்டியில் ஏறுதல் வேண்டும். 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமுடையது. நாட்டின் முதுகெலும்பான உயர்மலைப் பரப்பை ஊடறுத்துச் செல்வது. 1923ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் தேதி, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாள், தினசரியின் முதற்பக்கத்தைப் பார்த்தவர்கள் திடுக்குற்றனர். பேர்கன் புகைவண்டி இரவு கொள்ளையிடப்பட்டது என்று பெரிய எழுத்துக்களில் அங்கே பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வண்டியில் உற்றார் உறவினரை அனுப்பியிருந்தோர் பதறிப்போயினர் என்பர். உண்மையில் அது செய்தியன்று. அன்று வெளிவந்த நாவலொன்றின் பெயர். செய்தித் தலைப்பைப் போலவே விளம்பரம் அமைக்கப்பட்டிருந்தது!

நாவலாசிரியரின் பெயர் யோனத்தான் யேர்வ் என்று காணப்பட்டது. அப்படியொருவர் இருந்ததில்லை. நோர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரு இளைஞர்கள், இருபது வயதை ஒட்டியவர்கள், கூடியெழுதிய கதை அது. நோர்டாலின் தமையனார் ஹாரால்ட் கிரீக் கில்டெண்டால் பதிப்பகத்திற் பொறுப்பிலிருந்தவர். விளம்பர யுக்தி அவருடையதே என்பர். புத்தகம் நன்கு விலைபோயிற்று. மற்றைப் பதிப்பகத்தாரும் அவ்விடுமுறைக்கென மர்மக்கதைகளை வெளியிடத் தலைப்பட்டனர். பணத்துக்காக எழுதப்பட்ட ஒரு விளையாட்டுக் கதை ஒரு நாட்டின் வழக்கத்தையே ஆக்கிவிட்டது. நோர்டால் கிரீக் பின்னர் நாடு போற்றும் கவிஞரானார். 1943ஆம் ஆண்டு டிசம்பரிற் போர் நிருபராகக் குண்டுவீச்சு விமானமொன்றிற் சென்று, பெர்லின் நகரின்மேல் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

வண்டி ஏறி ஏறிப் பின்சே நிலையத்தை அடைகின்றது. இப்பாதையில் யாவற்றினும் உயரமான நிலையம் இதுவே, 1,222 மீற்றர். இவ்வூருக்கு மோட்டார் வீதி கிடையாது. புகைவண்டி, சறுக்குக் கட்டை, கால்நடை, இவையே வழி. எதிரே ஹார்டாங்கர் பனியாறு வெள்ளை வெளேரென்று கிடக்கின்றது. தென்துருவப் பயணத்துக்குமுன் ஷாக்கிள்டன் 1914ஆம் ஆண்டு தம் கருவிகளை இங்கேதான் பரீட்சித்துப் பார்த்தார். இந்நிலையத்தருகே பனிப்புயலிலே புகைவண்டி தடம்புரள, பிரயாணிகள் ஹோட்டலிலே தஞ்சம் புக, அங்கே கொலையொன்று நிகழ்வதாக ஆன் ஹோல்ட் 2007ஆம் ஆண்டு ஒரு நாவல் எழுதினார். நாவலின் பெயரும் '1222' என்பதே. ஆசிரியை முன்னர் அந்நாட்டின் நீதி மந்திரியாக இருந்தவர். பின்சேயிற் படிக்க ஒரேயொரு நூல்தான் எடுத்துச் செல்லலாமென்றால் இதனையே எடுப்பேன். வெளியே காற்று ஊளையிடும்போது மட்டும் படிக்க வேண்டாம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அம்மலையிற் சாவு கதையில் மாத்திரம் வருவதன்று. 1967ஆம் ஆண்டு இதே விடுமுறையின்போது மலைகளிற் பலர் மாண்டனர். வானிலையைக் கவனி, போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போ, காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பன போன்ற ஒன்பது விதிகளை அந்நாட்டுச் சிறுவரும் அறிவர். விடுமுறைக்கு எல்லாரும் கொண்டுசெல்லும் சொக்கலேற்றின் உறையின் உட்புறத்திலேயே அவற்றை அச்சிட்டு வந்தனர். நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடு அது. இதைப் படிப்போரில் யாரேனும் உறவினரைக் காணச் சென்று, சறுக்குக் கட்டையைக் காலிற் பூட்ட நேர்ந்தால், நாவலைத் திறக்குமுன் அவ்விதிகளைப் படித்தல் நன்று.

மரக்குடிலிற் படிக்கவெனில் 'இறந்தோரின் குளம்' என்று பொருள்படும் பழைய நாவல் உண்டு. ஜெர்மானியர் நாட்டைக் கைப்பற்றியிருந்த 1942ஆம் ஆண்டு, அந்திரே பியர்க்கே என்ற கவிஞர் புனைபெயரில் எழுதியது. காட்டுக் குளத்தருகே ஒரு குடில். அங்கே தங்குவோரைக் குளம் இழுக்கும் என்றொரு கதை. பேய் உண்டா இல்லையா என்ற ஐயத்தைக் கடைசிவரை வளர்த்துச் செல்கின்றார். இரவிலே தனியே படிப்போர் விளக்கை அணைக்கத் தயங்குவர். காரின் பொசும் எழுதிய 'திரும்பிப் பார்க்காதே' (1996) வேறு வகை. இரத்தம் குறைவு, துயரம் மிகுதி. ஒரு சிறுமியின் சாவு சிறு கிராமத்தை எவ்வாறு கலைக்கின்றது என்பதே கதை. மாணவர்க்கு இதனை முதலிற் கொடுப்பேன். யோ நெஸ்போவின் 'பனி மனிதன்' (2007) புகழ் பெற்றதாயினும் கொடூரம் அளவுக்கு மிஞ்சியது. வீட்டிற் சிறுவர் உள்ளோர் உயரமான தட்டில் வைக்கவும். இவையெல்லாம் ஆங்கிலத்திற் கிடைக்கின்றன.

பின்சேயைக் கடந்தபின் வண்டி விரைந்து இறங்குகின்றது. பனி குறைந்து, மரங்கள் தோன்றி, கடலின் ஓரமாகப் பேர்கன் வருகின்றது. மழைக்குப் பேர்போன நகரம். துறைமுகத்தையடுத்த வீதியொன்றிலே சுவரிற் சாய்ந்தபடி ஓர் ஆளின் சிலை நிற்கின்றது. அவர் மன்னருமல்லர், தளபதியுமல்லர். குன்னார் ஸ்டாலெசன் 1977ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த கதைகளின் நாயகர், வார்க் வேயும் என்னும் தனியார் துப்பறிவாளர். முன்னர்ச் சிறுவர் நலப் பணியாளராக இருந்தவராம். கதைகளிலே அவருடைய அலுவலகம் அந்நகரிலேதான் உள்ளது. வழிப்போக்கர் அருகே சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர்.