உஷ்... இங்கே பேசக்கூடாது!

டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள், எஜமானருக்காகக் காத்திருந்த நாய் ஹச்சிகோவின் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். அங்கிருந்து டோகென்சாகா மேட்டில் ஏறி ஒரு சந்துக்குள் திரும்பினால், பழைய ஐரோப்பியக் கட்டடம் போல நிற்கிறது ‘லயன்’ காபிக் கடை. தொடங்கியது 1926-ல். 1945 குண்டுவீச்சில் எரிந்துபோக, 1950-ல் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள்.

உள்ளே மங்கலான வெளிச்சம். இருக்கைகள் பஸ்ஸில் இருப்பது போல ஒரே பக்கம் பார்க்கின்றன. எதிரே, மூலஸ்தானம் மாதிரி, மாடி வரை உயர்ந்த மர ஸ்பீக்கர்! காபி உண்டு. பேச்சு கிடையாது, போட்டோவும் கூடாது. பீத்தோவனோ பாக்கோ, விரும்பிய இசைத்தட்டைக் கேட்டால் போடுவார்கள். இசைத்தட்டு வாங்குவது சாமானியர்களுக்குக் கனவாக இருந்த காலத்தில், ஒரு கப் காபி விலைக்கு சிம்பொனி கேட்க முளைத்த கடைகளில் ஒன்று இது. இப்போது அந்த ரகம் அருகிவிட்டது.

விலை உயர்ந்த ஆடியோ கருவி விற்பவர்கள் ‘ட்ரான்ஸ்பரன்சி’ என்று அடிக்கடி சொல்வார்கள். துடைத்த ஜன்னல் வழியே தோட்டம்தான் தெரிய வேண்டும், கண்ணாடி தெரியக் கூடாது அல்லவா? அதுபோல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தங்கள் குரலைச் சேர்க்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாடகி மூச்சு இழுப்பதும், வயலின் வில் கம்பியில் உரசும் முதல் கணமும் காதில் விழ வேண்டும். இனிமை என்பது வேறு, இது வேறு. மோசமாகப் பதிவான பாட்டு, நல்ல கருவியில் இன்னும் மோசமாகத்தான் கேட்கும்!

இந்தக் கணக்கில் லயனுக்கு நூற்றுக்கு நூறு கிடைக்காது. அத்தனை பெரிய மரக்கூடு தானும் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். பழைய தட்டுகளின் கரகரப்பு வேறு. ஆனாலும் மெல்லிய இடங்கள் இங்கே தொலைந்துபோவதில்லை. காரணம், கூடத்தின் மௌனம். சன்னமான ஒலியை விழுங்குவது பெரும்பாலும் சுற்றிலும் உள்ள சத்தம்தான். லட்சங்கள் கொட்டி ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, தலைக்கு மேல் மின்விசிறியையும் பக்கத்தில் ஃபிரிட்ஜையும் ஓடவிட்டால் பாடகியின் மூச்சு எங்கே கேட்கும்? லயனில் இந்த வேலையைச் செய்வது கருவி அல்ல, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்கள்.

ஷிபுயா பக்கம் போனால் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். காபிக் கோப்பையை மட்டும் மெதுவாகக் கீழே வையுங்கள். அந்தச் சின்ன ‘டிங்’குக்கே பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.