கேன் லா... கேன் லோர்... கேன் மே?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல நடந்தா மல்லிப்பூ, வாழையிலைச் சாப்பாடுனு அப்படியே நம்ம ஊர்தான் பாஸ். ஆனா, தேக்கா சந்தை சாப்பாட்டுக் கடைங்க பக்கம் போனா, அங்க பேசற இங்கிலீஷ்ல தலை சுத்தும். செமஸ்டர் லீவுல சித்தப்பா வீட்டுக்குப் போன எனக்கு, பத்து நாளும் அதைக் கேட்கறதுதான் வேலை!

"ஒன் கோப்பி, கேன்?"னு கேட்டா, "கேன் லா!"னு பதில் வரும். சீனர், மலாய்க்காரர், நம்ம தமிழர் எல்லாருக்கும் பொதுவான இந்தப் பேச்சுக்குப் பேர் சிங்லிஷ்.

வாய்க்கு வந்தபடி பேசறாங்கனு நினைச்சா, அங்கதான் ட்விஸ்ட். 'கேன் லா'ன்னா, தாராளமா முடியும். 'கேன் மே?'ன்னா, நெஜமாவே முடியுமாங்கிற சந்தேகம். 'கேன் லோர்'ன்னா, சரி, வேற வழியில்ல. நாம 'வாடா', 'வாயேன்', 'வாப்பா'னு சொல்றோமே, அதே கதை. 'லா கேன்'னு திருப்பிப் போட்டா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. இதுலயும் தப்புனு ஒண்ணு இருந்தா, இலக்கணமும் இருக்குனுதானே அர்த்தம்?

அரசாங்கத்துக்கு மட்டும் இது பிடிக்கல. சிங்லிஷ் மக்களுக்குத் தடைக்கல்னு 1999-ல் லீ குவான் யூ சொன்னார். 2000-ல் பிரதமர் கோ சோக் தோங், நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி ஒரு இயக்கத்தையே ஆரம்பிச்சார். வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியலைன்னா வியாபாரம் என்னாகும்ங்கிற பயம். அதுவும் நியாயம்தான்.

ஆனா, 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 'ஷியோக்' (செம சூப்பர்), 'ப்ளர்' (புரியாம முழிக்கிறது)னு சிங்லிஷ் வார்த்தைகளைக் கொத்தாச் சேர்த்துக்கிச்சு. அதுக்காக, இதைத் தேர்வுல எழுதலாம்னு அர்த்தமில்ல. மக்கள் இப்படிப் பேசறாங்கனு பதிவு பண்றதுதான் அகராதியோட வேலை.

பாலிடெக்னிக் படிக்கிற சித்தப்பா பொண்ணு, ஃப்ரெண்டுகிட்ட போன்ல "ஐ பாஸ் அப் ஆல்ரெடி"ன்னா. அடுத்து இன்டர்ன்ஷிப் சம்பந்தமா ஒரு கால். உடனே "யெஸ், ஐ ஹேவ் சப்மிட்டட் இட்"! விஷயம் ஒண்ணுதான். ஆளைப் பார்த்து கியர் மாத்திட்டா.

நம்ம காலேஜ்ல கேம்பஸ் இன்டர்வியூ வந்தா, சப்ஜெக்ட்ல புலியா இருக்கறவன்கூட கிராமர் தப்பாயிடுமோனு வாயையே திறக்கறதில்ல. ஸ்லாங் சரியான இங்கிலீஷான்னு கேட்டா... கோப்பிக் கடையில சரி, இன்டர்வியூ ரூமுக்கு வேற கியர். பூட்டு போட்ட வாய்தான் மக்களே, ரெண்டு இடத்துலயும் வேலைக்கு ஆகாது!