ஆத்திரத்தின் வயது

என் கட்சிக்காரனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குறுக்கு விசாரணையில் நான் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். முதல் கேள்வி: ‘1323-இல் ஸ்ரீரங்கத்தில் வெட்டப்பட்ட பன்னிரண்டாயிரம் வைணவர்களுக்கு யார் பதில் சொல்வது?’ கூண்டில் ஏறப்போகிறவரோ டெல்டாவில் ஒரு சிற்றூர் தர்காவைப் பராமரிக்கும் முஜாவர், எழுபதை நெருங்கியவர்.

இரவில் அந்தத் தர்காவின் கதவில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்ததாக வழக்கு. அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 295, 436. பின்னது ஆயுள் தண்டனை வரை போகக்கூடியது. பையனுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் அவன் அப்பா பக்கத்தில் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நடந்தது பொய்யா சார்?” என்றான்.

பொய்யில்லை. டில்லியிலிருந்து வந்த உலூக் கானின் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்ததும், பிள்ளை லோகாசாரியர் பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போய் ஜோதிஷ்குடியில் உயிர் நீத்ததும் வைணவ மரபு மறக்காத துயரம். எண்ணிக்கை ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு சொல்வது, முன்பின் இருக்கலாம். இதையெல்லாம் மழுப்பி இந்தப் பிள்ளைகளைத் திருத்தப் பார்க்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் 1371-இல் விஜயநகரத்தின் கோபண்ணர் பெருமாளை மறுபடி ஸ்ரீரங்கம் சேர்த்துவிட்டார். அந்தப் படையெடுப்புக்குப் பின் மதுரையை ஆண்ட சுல்தான்களும் சில ஆண்டுகளில் இல்லாமல் போனார்கள். படைக்குப் படை பதில் சொன்ன காலம் அது, சொல்லியும் முடித்தாயிற்று. அறுநூறு வருஷம் கழித்து ஒரு முஜாவரிடம் வசூலிக்க என்ன பாக்கி?

“கோவத்துல பண்ணா தண்டனை குறையும்னு சொல்றாங்களே சார்?”

கொலை வழக்கில் குறையும். திடீரென்று, கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டவன் செய்த கொலையைச் சட்டம் ஒரு படி இறக்கித்தான் பார்க்கிறது. தீவைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. கொலையிலும் ஆத்திரத்தின் வயதைக் கேட்பார்கள். நானாவதி வழக்கில், மனைவி தனக்கு வேறொருவரோடு உறவு இருப்பதாகச் சொன்னதைக் கேட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய கடற்படை அதிகாரி, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வந்து அந்த ஆளைச் சுடுவதற்குள் சுமார் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மனசு ஆற அது போதும் என்றது 1961-இல் உச்ச நீதிமன்றம்.

பையன் வெளியே போனதும் அப்பா மெல்ல வாயைத் திறந்தார். “நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டாந்துதான் திருமங்கையாழ்வார் பெருமாளுக்கு மதில் கட்டினார்னு நாங்களே பெருமையாச் சொல்றோம். ஒரு பௌத்தர் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும், வக்கீல் சார்?”

குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. என் கையில் இருந்தது ஒரே வாதம்: இருட்டு, ஆளைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது, அடையாள அணிவகுப்பும் நடத்தவில்லை. கூண்டில் ஏறிய முஜாவர் ஒரே பதிலில் அதைக் காலி செய்தார்.

“அணிவகுப்பு எதுக்குங்க? ராத்திரியெல்லாம் அழுவுறான்னு அவங்கம்மா மந்திரிக்கத் தூக்கிட்டு வந்த புள்ளதானே? நடையை வெச்சே சொல்லுவேன்.”

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்தார்.

கட்டடத்தையே அழிக்கும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பதால் 436 நிற்கவில்லை. 435-உம் 295-உம் நின்றன. தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டபோது பையன் 1323-இல் ஆரம்பித்தான். நான் கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை. நீதிபதி கடைசிவரை கேட்டுவிட்டு, “இவ்வளவு சொன்னியே, இதுல அந்தப் பெரியவர் பேரு எங்கேயும் வரலையேப்பா” என்றார். இரண்டு வருஷம்.

2019 நவம்பர் 9 அன்று அயோத்தித் தீர்ப்பு வந்தது. அதற்குள் தண்டனை முடிந்து ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தவன், அன்று மத்தியானம் போன் செய்தான். “பாத்தீங்களா சார், ஜெயிச்சுட்டோம்.” வரலாற்றுத் தவறுகளைச் சரிசெய்ய மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று அதே தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளும் எழுதியிருப்பதைச் சொன்னேன். 1992-இல் மசூதியை இடித்தது சட்டத்தின் ஆட்சியை அப்பட்டமாக மீறிய செயல் என்று எழுதியிருப்பதையும் சொன்னேன். “ஓ” என்றான். அப்படி எழுதிவிட்டு இடத்தை எப்படிக் கோயிலுக்குக் கொடுத்தார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். கேட்கவில்லை. கடையில் ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான்.