ஆச்சியின் மாதுளை



'போன்சாய்' என்பது ஜப்பானியச் சொல். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். ஆழமில்லாத தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் கலை இது. சீனாவில் தோன்றி ஜப்பானுக்குப் போனது. சின்னச் செடியிலிருந்தும் வளர்க்கலாம். வயதான மரத்தைத் தோண்டி எடுத்தும் வளர்க்கலாம். நான் செய்தது இரண்டாவது வகை.

ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு மாதுளை மரம். அம்மா பிறந்த வருஷம் ஆச்சி நட்டது. அம்மாவுக்கு இப்போது 44 வயது. மூன்று வருஷத்துக்கு முன் மாமா அந்த இடத்தில் ஓர் அறை கட்ட முடிவு செய்தார்கள். "மரத்தை வெட்டிருவோம்"னு சொன்னதும் ஆச்சி ஒண்ணும் பேசலை. ஆனால் அன்றிலிருந்து புறவாசல் பக்கமே வரவில்லை. நூலகப் புத்தகத்தில் போன்சாய் பற்றிப் படித்திருந்ததால், "எனக்குக் குடுங்க மாமா, தொட்டியில வச்சுக்கிடுதேன்" என்று கேட்டேன்.

ஆனி மாதச் சாரல் தொடங்கியதும் மாமாவே ரம்பத்தோடு வந்தார்கள். ஒன்றரை அடி விட்டு மேலே அறுத்தோம். தடித்த வேர்களை வெட்டிவிட்டு, சல்லிவேர்கள் காயாமல் ஈரச்சாக்கில் சுற்றினோம். தண்ணீரை உறிஞ்சுவது சல்லிவேர்தானே! ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பில் ஆற்று மணல், செங்கல் துண்டு, கொஞ்சம் மட்கிய தொழுவுரம் போட்டு நட்டோம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மரம் ஆடினால் புதுவேர் அறுந்துவிடும். அதனால் கயிற்றால் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தோம்.

24 நாள் வெறும் கட்டைதான். 25-ஆம் நாள் சிவப்பாக ஒரு துளிர்! முதல் வருஷம் ஓர் இலையைக்கூட வெட்டவில்லை. வேருக்குச் சாப்பாடு இலையிலிருந்துதானே போகிறது. அடுத்த வருஷம் நான்கு கிளைகளை மட்டும் விட்டு, இளங்கொம்பாக இருக்கும்போதே அலுமினியக் கம்பி சுற்றி வளைத்தேன். முற்றிய கொம்பு வளையாது, ஒடிந்துவிடும்.

ஆச்சி ஒருநாள் கேட்டார்கள்: "ஏட்டி, வேரை வெட்டுதே, கம்பியச் சுத்துதே. பாவம்லா?"

"தொட்டி முழுக்க வேர் அடைச்சுக்கிட்டா மரம் செத்துரும் ஆச்சி. வெட்டினாதான் புதுவேர் வரும்" என்றேன்.

"அது சரி. மண்ணுல நின்னா நாம மறந்தாலும் அது பொழைச்சுக்கிடும். தொட்டியில நின்னா நீ மறந்தா போச்சு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு போன்சாய் பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்தும் தப்பியது. 1976-இல் ஜப்பான் அதைப் பரிசாக அளித்தது. குண்டுக்குத் தப்பிய அந்த மரமும் தினமும் யாராவது தண்ணீர் ஊற்றியதால்தான் இன்றும் நிற்கிறது! ஆச்சி சொன்னது எவ்வளவு உண்மை!

சித்திரை வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டும். எனக்குப் பரீட்சை வந்தால் ஆச்சி ஊற்றுகிறார்கள். மாதுளை கொம்பு நுனியில்தான் பூக்கும். அதனால் இந்த வருஷம் நுனியைக் கிள்ளவில்லை. ஏழு பூ வந்தது, இரண்டு காய் பிடித்தது. மரம் குட்டையானாலும் பழம் குட்டையாகாது. பாரம் தாங்காதென்று ஒன்றை மட்டும் விட்டிருக்கிறோம்.

நண்பர்களே! காட்டில் போய் மரம் தோண்டாதீர்கள், அது சட்டப்படி குற்றம். உங்கள் தெருவில் வீடு இடிக்கும்போது பழைய கொய்யாவோ மாதுளையோ நின்றால், வெட்டும் முன் கேட்டுப் பாருங்கள். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்ற முடியும் என்றால் மட்டும் கேளுங்கள்!



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி