கடலைக் காட்டுக்குள் கோயில்கள்

பகானில் வெளிநாட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடையாது. உள்ளூர்க்காரர் ஓட்டலாம், சுற்றிப்பார்க்க வந்தவர் ஓட்டக் கூடாது. குதிரை வண்டி, சைக்கிள், வாடகைக் கார் என்று வெகுகாலம் மூன்று வழிகள்தான் இருந்தன. குதிரை வண்டி தன் தடத்தை விட்டு விலகாது. கார் தார்ச்சாலையோடு நின்றுவிடும். அந்த மணலில் உச்சி வெயிலில் சைக்கிள் மிதிப்பதைத் தண்டனையாகத்தான் கொள்ள வேண்டும். 2010-களின் தொடக்கத்தில் சீனத் தயாரிப்பு மின்சார ஸ்கூட்டர்கள் வந்து இறங்கியதும் ஊர் சுற்றும் முறையே மாறிப்போனது. பெட்ரோல் இல்லாததால் அது மோட்டார் சைக்கிள் கணக்கில் வராது, ஆகவே தடையும் இல்லை. அங்கே அதற்குப் பெயர் இ-பைக். பெடல் கிடையாது, கியர் கிடையாது. வலது கைப்பிடியைத் திருகினால் ஓடும், விட்டால் நிற்கும்.

மியான்மரின் நடுப்பகுதியில், ஐராவதி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், கிழக்குக் கரையில் விரிந்து கிடக்கிறது பகான் சமவெளி. பரப்பு ஏறக்குறைய 100 சதுர கி.மீ. அதற்குள் கோயில், தூபி, மடம், கல்வெட்டு, இடிபாடு என்று யுனெஸ்கோ கணக்கில் 3,595 சின்னங்கள். பகானுக்கு இதுதான் ஊர் நடு என்று ஓர் இடம் கிடையாது. சந்தையும் விமான நிலையமும் வடக்கே நியாங்-ஊவில். கோட்டை மதில் எஞ்சியிருப்பது பழைய பகான். அங்கே கோயில்களுக்கு இடையே குடியிருந்தவர்களை 1990-இல் ராணுவ அரசு கிளப்பித் தெற்கே கொண்டுபோய் வைத்தது. அப்படி உண்டானதுதான் புதிய பகான். இடையிடையே மியின்கபா, மின்னந்து போன்ற சிற்றூர்கள். இவற்றை ஒன்றோடொன்று கோப்பவை வண்டித்தடங்களும் ஆடு மாடு போகும் ஒற்றையடிப் பாதைகளும்தான். இ-பைக் தன் வேலையைக் காட்டுவது அந்தப் பாதைகளில்.

தென்மாவட்டத்துக்காரர் யாராவது அங்கே போய் நின்றால் ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றும். மேற்கே உள்ள அரக்கான் மலைத்தொடர் பருவமழையைத் தடுத்துவிடுவதால் ஆண்டு மழை 600 மி.மீ. அளவில்தான். செம்மண்ணும் மணலும் கலந்த நிலம். கடலை, எள், துவரை. வரப்பெங்கும் பனை. நம் ஊர்ப் பனையேதான், வேறு இனமில்லை. ஆனால் ஏறும் முறை வேறு. நம் பனையேறி தளை நாரைக் காலில் மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவார். அங்கே மரத்தோடு சேர்த்து மூங்கில் ஏணியையே நிரந்தரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். இறக்கிய நீரைக் காய்ச்சிக் கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிதாகக் கருப்பட்டி உருட்டுகிறார்கள். வருகிறவர்களுக்குச் சர்க்கரை போடாத பச்சைத் தேநீர் ஒரு கிண்ணம், பக்கத்தில் இந்தக் கருப்பட்டி நாலு உருண்டை. தேநீரில் கரைப்பதில்லை, கடித்துக்கொண்டு குடிப்பது. நியாங்-ஊவுக்கும் போப்பா மலைக்கும் இடையே சாலையோரப் பனந்தோப்புகளில் மாடு பூட்டிய செக்கில் கடலை எண்ணெய் ஆட்டுவதையும் பார்க்கலாம். அதில் பாதி சுற்றுலாக்காரர்களுக்காக நடக்கும் காட்சிதான் என்றாலும் எண்ணெய் உண்மையான எண்ணெய்.

வழிகாட்டியோடு போகிற சுற்று பெரும்பாலும் இருட்டோடு தொடங்கும். முன்னால் அவர் வண்டி, பின்னால் நாலைந்து வண்டிகள். நடுப்பகலில் நிறுத்திவிட்டு வெயில் தாழ்ந்ததும் மறுபடி. பழகாதவர் முதலில் மாட்டிக்கொள்வது மணலில். வண்டி கனம், டயர் சிறிது. மணலில் முன்சக்கரம் அலையத் தொடங்கியதும் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கும், வண்டி உடனே சாயும். பிரேக்கைத் தொடாமல், காலிரண்டையும் தரையோடு ஒட்டித் தொங்கவிட்டு, மெதுவாக ஆனால் நிற்காமல் போக வேண்டும் என்று வழிகாட்டிகள் முதல் மணல் திட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அடுத்த கவலை பேட்டரி. நாடு முழுவதும் மின்வெட்டு கடுமையாகிவிட்ட நிலையில், இரவு முழு சார்ஜ் ஏறியதா என்று கேட்காமல் வண்டியை வாங்கக் கூடாது. கோயிலுக்குக் கோயில் செருப்பும் காலுறையும் கழற்ற வேண்டும். இடிந்து கூரையில்லாமல் நிற்கிற கோயிலானாலும் இதே விதிதான். நெருஞ்சியும் கொதிக்கிற செங்கல்லும் சேர்ந்து உள்ளங்காலைப் பதம் பார்த்துவிடும்.

இவ்வளவுக்கும் வழிகாட்டி எதற்கு, கைபேசியில் வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனந்தா, ஷ்வேசிகோன் போன்ற பெரிய கோயில்களுக்கு அவர் தேவையில்லைதான். ஆனால் பகானின் சிறந்த சுவரோவியங்கள் இருப்பது சிறிய கோயில்களில், அவற்றில் பல பூட்டிக் கிடக்கும். சாவி பக்கத்து ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரர் கடலைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருக்கலாம், ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். எந்தக் கோயிலுக்கு எந்த வீடு, இந்த நேரத்தில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. வழிகாட்டி வேலியோரம் வண்டியை நிறுத்திக் குரல் கொடுக்கிறார். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பெண், கையைப் பாவாடையில் துடைத்தபடி, கயிற்றில் கோத்த சாவிக்கொத்தோடு வந்து கம்பிக் கதவைத் திறந்துவிடுகிறார்.

மின்னந்து பக்கத்தில் பாயாதோன்சு என்று ஒரு 13-ஆம் நூற்றாண்டுக் கோயில். மூன்று சிறு கருவறைகளை ஒரே நடையால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓவிய வேலை பாதியில் நின்றுபோனது. ஒரு கருவறையில் சுவர் முழுக்க உருவங்கள், இன்னொன்றில் வெறும் வெள்ளைச் சாந்து. வழிகாட்டி டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கிறார். அப்போதுதான் தூரிகைக் கோட்டின் ஓட்டம் எழுந்து தெரிகிறது. பக்கத்திலுள்ள நந்தமன்யா 1248-ஐச் சேர்ந்தது. புத்தரை மயக்க வந்த மாரனின் பெண்கள் அங்கே சுவரில் இருக்கிறார்கள். முழுதாகக் கால் நீட்டிப் படுக்க முடியாத அளவுதான் அறை, ஆனாலும் எளிதில் வெளியே வர மனம் வராது.

கட்டடக் கலையில் ஆர்வமுள்ள தமிழர் பகானில் அண்ணாந்து பார்க்க வேண்டியது கூரையை. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது, ஆனந்தா 1105-இல். ஏறக்குறைய ஒரே காலம். நம் சிற்பிகள் கல்லின்மேல் கல்லைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி அடுக்கி விமானத்தை மூடினார்கள். பகான் கொத்தர்கள் செங்கல்லை வட்டத்தின் ஆரத்தில் நிறுத்தி, ஒன்றின் பளுவை மற்றொன்று தாங்கும் உண்மையான வளைவு கட்டினார்கள். அன்றைய இந்தியக் கோயில்களில் அரிதான நுட்பம் அது. அதனால்தான் உள்ளே அகன்ற கூடங்களும், பக்கச் சுவரில் பெரிய சாளரங்களும் முடிந்தன. ஆனந்தாவில் மேலேயிருந்து ஒளி வந்து, 9 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் புத்தரின் முகத்தில் மட்டும் விழும்படி அமைத்திருக்கிறார்கள். தெற்குப் பக்கத்துச் சிலையைக் காலடியில் நின்று பார்த்தால் முகம் இறுகியிருக்கிறது, பின்னால் தள்ளிப் போகப் போகச் சிரிக்கிறது. தம்மயங்கி கோயிலின் செங்கல் இணைப்பு இன்னும் நெருக்கம். தந்தையைக் கொன்று பட்டத்துக்கு வந்த நரத்து மன்னன் கட்டியது. இடுக்கில் ஊசி நுழைந்தால் கொத்தனின் கையை வெட்டிவிடுவான் என்பது ஊர்க்கதை. உள்சுற்றுப்பாதையைச் செங்கல் கொட்டி அடைத்திருப்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

மியின்கபா கிராமத்துக்குப் போகாமல் திரும்பினால் பகானைப் பார்த்ததாகச் சேராது. அங்கே குபியவுக்ஜி கோயில். 1113-இல் இளவரசன் ராஜகுமாரன் நிறுவிய நான்கு மொழிக் கல்வெட்டு அதையொட்டித்தான். பாலி, மோன், பர்மியம், பியூ. பியூ மொழியை யாருக்கும் படிக்கத் தெரியாமலிருந்தபோது, திறவுகோலாக உதவியது அந்தக் கல்தான். இதே மியின்கபாவில் கிடைத்தது 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டும். தொடக்கம் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், இவ்வூரிலிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்தார் என்பது செய்தி. நானாதேசிகள் என்பது பல நாட்டு வணிகர்களின் கூட்டம். புத்தர் ஊரில் வணிகர் சேர்ந்து பெருமாளுக்குக் கோயில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் தடுக்கவில்லை. பழைய பகானின் மதிலுக்குள்ளே நட்லவுங் சவுங் என்ற விஷ்ணு கோயில் இன்றும் நிற்கிறது. மியின்கபாவின் நன்பாயா கோயில் தூண்களில் நான்முகனைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அரக்குப் பாத்திரம் செய்வதும் இந்த ஊரில்தான். மூங்கில் சிம்பும் குதிரைமயிரும் பின்னிச் செய்த கிண்ணத்தின் விளிம்பை இரண்டு விரலால் அழுத்தினால் எதிர்விளிம்பைத் தொட்டுவிட்டுப் பழையபடி நிமிரும். விலை கேட்டு மலைக்கிறவர்கள், ஒரு நல்ல பாத்திரத்தில் எத்தனை மாத வேலை இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை கோயில் கட்ட இந்தக் காய்ந்த பூமிக்கு வசதி எங்கிருந்து வந்தது? பகான் மண்ணில் நெல் கிடையாது. அரிசி கியாக்சே, மின்பூ பாசனப் பகுதிகளிலிருந்து வந்தது. 1044-இல் பட்டத்துக்கு வந்த அனவ்ரதா தொட்டு இரண்டரை நூற்றாண்டு, மன்னரும் ராணியரும் அதிகாரிகளும் வசதியான குடிகளும் புண்ணியத்துக்காகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கட்டியதோடு விடாமல் நிலமும் ஆளும் எழுதிவைத்தார்கள். இதைக் கெடுத்தவன் நரகத்துக்குப் போகக் கடவன் என்று கல்வெட்டை முடித்தார்கள். நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குப் பழகிய குரல். கோயில் நிலத்துக்கு வரி கிடையாது. நல்ல நிலமெல்லாம் கோயில் கைக்குப் போகப் போக அரசின் கருவூலம் வற்றியது என்பது வரலாற்றாசிரியர் மைக்கேல் ஆங்-த்வினின் வாதம். பகான் வீழ்ந்ததற்கு மங்கோலியர் படையெடுப்பை மட்டும் காரணமாகச் சொல்லும் பழைய விளக்கத்தைவிட இதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. கடலைக் காட்டுக்கு நடுவே ஆளில்லாத ஒரு தூபியைக் கடந்து போகும்போது, அது ஒரு காலத்தில் யாருடைய நிலத்து வருவாயைத் தின்றது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

1975 ஜூலை நிலநடுக்கம் பகானை உலுக்கியது. 1990-களில் ராணுவ அரசு நன்கொடை திரட்டி நூற்றுக்கணக்கான இடிபாடுகளின்மேல் ஊகத்தின் பேரில் புதுச் செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டியது. உலக மரபுச் சின்னமாக்க அப்போது எடுத்த முயற்சி கைகூடவில்லை. 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார்வைக் கோபுரமும் எழுந்து நிற்கிறது, அதை எதற்குக் கட்டினார்கள் என்பதற்கு எந்தச் சமாதானமும் போதாது. 2016 ஆகஸ்டில் 6.8 அளவிலான நிலநடுக்கத்தில் சுமார் 400 சின்னங்கள் சேதமடைந்தன. சுலாமணி கோயிலின் உச்சி சரிந்து விழுந்தது. பிறகு நடந்த பழுதுபார்ப்பு நிதானமானது. 2019 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. பழைய செங்கல் மங்கிய பழுப்பு, புதியது பளிச்சென்ற சிவப்பு. எது எந்தக் காலம் என்று வழிகாட்டி காட்டிக்கொடுத்த பிறகு கண் தானே பிரித்துக்கொள்ளும். இடிபாட்டின்மேல் புதிதாகக் கட்டியது சரியா என்ற இந்தச் சண்டை கிராமத்தாருக்குப் புரிவதில்லை. இடிந்த கோயிலைக் கட்டுவது புண்ணியம், அதில் தப்பென்ன என்பார்கள். கும்பாபிஷேகத்துக்கு மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டைத் தேய்த்த ஊர்களிலிருந்து போகும் நாம் அங்கே பாடம் நடத்த வேண்டாம்.

கோயில் மாடங்களில் ஏறுவதற்கு இப்போது தடை. சூரிய அஸ்தமனம் பார்க்கத் தனியாக மண்மேடுகள் எழுப்பியிருக்கிறார்கள். கூட்டம் மொத்தமும் அங்கே ஏறிக் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில் மின்னந்துத் தடத்தில் மாடுகள் வீடு திரும்பும், புழுதி கோபுர உயரத்துக்கு எழும்பும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மாடுகளின் பக்கம்.

போக நினைப்பவர்கள் முதலில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நாட்டில் உள்நாட்டுப் போர் நடக்கிறது, வெளிநாட்டுப் பயணிகள் வரத்து மிகவும் குறைந்துவிட்டது. நிலைமை ஒத்துவந்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டும். பெரிய கோயில்களுக்கு ஒரு நாள், கிராமத் தடங்களுக்கு இரண்டு நாள் என்று ஒதுக்குங்கள். நல்ல டார்ச் ஒன்று, கழற்றி மாட்ட எளிதான செருப்பு, தண்ணீர். வழிகாட்டியை அந்த ஊர்க்காரராகவே பார்த்து அமர்த்துங்கள். சாவி கொண்டுவந்து திறந்துவிடுகிறவருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கொடுப்பதற்குச் சில்லறை நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.